பொன்முடியிலிருந்து பனிமலை வரை

தமிழில் பனி என்பது ஒரே சொல். மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கும் துளியும் பனி. தை மாதத்துத் தெருவை மறைக்கும் வெண்புகையும் பனி. இமயத்தின் உச்சியில் ஆண்டு முழுவதும் கிடக்கும் வெண்மையும் பனியே. ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பனியின் பெயரையே இட்டனர். ஆயினும் அவர்கள் மனத்திற் கொண்டது இரவில் இறங்கும் ஈரக் குளிரையேயன்றி, வானிலிருந்து பஞ்சுபோல் உதிரும் பனியை அன்று. அப்பனியை அவர்கள் கேள்வியால் அறிந்திருந்தனர். சேர மன்னன் ஒருவன் இமயவரம்பன் என்று பெயர் பூண்டான். இன்னொரு சேரன் கண்ணகிக்குக் கல்லெடுக்க இமயம் சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. சேரநாட்டுக் கடற்கரையிலிருந்து இமயத்தை நினைப்பது இன்று நேற்றுத் தோன்றிய ஆசை அன்று என்பதற்காகவே இதனை நினைவூட்டுகிறேன்.

அந்த ஆசை இப்போது குடும்பங்களின் விடுமுறைத் திட்டமாக மாறியிருக்கிறது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வாழும் தமிழர்களாயினும், மும்பை, கல்கத்தா, டில்லி ஆகிய நகரங்களில் வேர்விட்ட தமிழர்களாயினும், பிள்ளைகளுக்கு ஒருமுறை பனியைக் காட்டிவிட வேண்டும் என்று எண்ணுவோர் பலர். இஃது எளிய முடிவன்று. ஓராண்டுச் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது. பள்ளி தருகின்ற பத்து நாள் விடுமுறை அடங்கியிருக்கிறது. உடன் வரும் பாட்டியின் மூச்சும், ஐந்து வயதுக் குழந்தையின் காதுவலியும் அடங்கியிருக்கின்றன. புகழை நம்பி ஓர் ஊருக்குச் சென்று, சேற்றையும் வாகன நெரிசலையும் மட்டும் கண்டு திரும்பியவர்கள் உண்டு. ஊரைத் தேர்ந்தெடுக்கும்முன் அதன் வரலாற்றை விசாரிப்பது நல்லது. ஒரு மலையூரை முதலில் யார், எந்தப் பருவத்தில், எதற்காகத் தேர்ந்தார்கள் என்று தெரிந்தால், அது நமக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

திருவனந்தபுரத்தவர் இந்த விசாரணையைப் பொன்முடியிலிருந்தே தொடங்கலாம். நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்தபின் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறுகிறது. ரப்பர் மரங்கள் மறைந்து தேயிலைச் சரிவுகள் தோன்றுகின்றன. அதற்கும் மேலே மரமற்ற புல்வெளி. உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர். சில நேரங்களில் பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியாத அளவுக்கு மஞ்சு மூடும். கால்மணி நேரத்தில் அது விலகி, மேற்கே கடற்கரைச் சமவெளி தெளியும். மலையாளத்தில் மஞ்சு என்றாலும் தமிழில் பனி என்றாலும், ‘பொன்முடியில் நல்ல பனி’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் சொல்வது இந்த மூடுபனியைத்தான். அதைக் கேட்டு, பனியில் உருண்டு விளையாடலாம் என்று நம்பி ஏறும் குழந்தை ஏமாந்து போகும். கைக்கு அகப்படாத பனி அது.

பொன்முடியில் பனி விழாததற்குக் காரணம் எளிது. கடற்கரையிலிருந்து மேலே செல்லச் செல்ல, ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் காற்றின் வெப்பம் ஆறு அல்லது ஆறரை டிகிரி குறைகின்றது. திருவனந்தபுரத்தின் சராசரி வெப்பம் 27 டிகிரி எனக் கொண்டால் பொன்முடியில் 20 டிகிரி இருக்கும். கம்பளிச் சட்டை அணிந்து மகிழத்தக்க குளிர்தான்; நீர் உறைவதற்கு அது போதாது. இமயத்திற்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடிகூட 2,695 மீட்டர்தான். அங்கும் பனிமழை பெய்யும் வழக்கம் இல்லை. மூணாற்றிலும் உதகமண்டலத்திலும் டிசம்பர், ஜனவரி மாதங்களின் சில விடியல்களில் புல்வெளி வெள்ளைப் போர்வை போர்த்திருக்கும். அது தரையிலேயே உறைந்த ஈரம். உறைபனி என்பது அதற்குரிய சரியான பெயர். வெயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். உதகையில் பனிமழை என்று அவ்வப்போது பரவும் படங்கள் உறைபனியையோ ஆலங்கட்டி மழையையோ காட்டுபவை. வெப்ப மண்டலத்தில் பனியே இல்லை என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ பொன்முடியைக் காட்டிலும் பூமத்திய ரேகைக்கு நெருங்கியது. ஆயினும் அதன் உச்சியில் பனிப்பாளம் உண்டு. அதன் உயரம் 5,895 மீட்டர். நம் தென்மலைகளுக்குக் குறைவாயிருப்பது உயரமே.

மலையின் காற்றையும் குளிரையும் நூல்வழியன்றி நேரே அளந்து பார்த்த முயற்சி ஒன்று பொன்முடிக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். 1852இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், கடற்கரை நகரின் அளவுகளை உயர்ந்த சிகரத்தின் அளவுகளோடு ஒப்பிட விரும்பினார். அவர் தேர்ந்தது அகத்தியர் மலை. தமிழர்கள் பொதிகை என்று போற்றும் அம்மலைத் தொடரின் உச்சி 1,868 மீட்டர். காட்டு வழியே கருவிகளைச் சுமந்து சென்று, 1855இல் அங்கே ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். காந்த ஊசியின் அசைவு, காற்றின் அழுத்தம், வெப்பம் ஆகியவை அங்கே அளக்கப்பட்டன. பிரௌன் 1865இல் பதவியை விட்டு நீங்கினார். அவருடைய காந்த அளவீடுகள் 1874இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. தமிழ் முனிவர் வீற்றிருப்பதாக நாம் நம்பும் மலையில், திருவிதாங்கூர் மன்னரின் செலவில், ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆய்வு நிகழ்த்தினார் என்பது நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டிய செய்தி. மழையிலும் மூடுபனியிலும் இரவும் பகலும் கருவிகளைக் காத்த உதவியாளர்களும் அதில் இடம்பெற வேண்டும்.

பிரௌன் மலையேறியது அறிவிற்காக. அவர் காலத்து மற்ற ஐரோப்பியர்கள் ஏறியது வெயிலுக்கு அஞ்சி. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1822இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். நோயுற்ற சிப்பாய்கள் உடல் தேற ஏற்ற இடம் என்று அம்மலையை அவர் பரிந்துரைத்தார். அம்மலை தோடர்களின் மேய்ச்சல் நிலம் என்பதையும், அவர்களுக்கு அதில் உரிமை உண்டென்பதையும் எடுத்துரைத்த அதிகாரியும் அவரே, அவ்வாதம் எடுபடவில்லை. கோடைக்கானலில் 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளிக் காய்ச்சலில் குழந்தைகளை இழந்த குடும்பங்களின் துயரமே அவர்களை மேலே துரத்தியது. பொன்முடிச் சரிவுகளும் திருவிதாங்கூரின் பிற மலைகளும் தேயிலைக்காகத் திருத்தப்பட்டன. அத்தோட்டங்களுக்கு உழைப்பாளராகச் சென்றவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கு மலை என்பது விடுமுறையன்று, கூலி.

வடக்கே சிம்லாவின் கதையும் இதுவே, அளவில் மட்டும் பெரிது. 1822இல் அங்கே கென்னடி என்னும் அதிகாரி நிலையான முதல் வீட்டைக் கட்டினார். 1864 முதல் அது இந்திய அரசாங்கத்தின் கோடைத் தலைநகராயிற்று. கல்கத்தாவிலிருந்து கோப்புகளும் குமாஸ்தாக்களும் ஆண்டுதோறும் மேலே சென்று, குளிர் தொடங்கியதும் கீழே இறங்கினர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிம்லாவை எழுப்பியவர்கள் பனி விழுமுன் ஊரைவிட்டு நீங்கிவிடுவார்கள். அவர்கள் தேடியது ஜூன் மாதக் குளிர்ச்சி. ஜனவரிப் பனி அவர்களுக்கு ஓர் இடையூறு. கடைத்தெரு, மாளிகை, 1903இல் திறக்கப்பட்ட மலை ரயில் ஆகிய எல்லாமே கோடைக்காக எழுந்தவை. குளிர்காலத்தில் தங்கியவர்களுக்கென்று அங்கே தோன்றிய பெரிய கேளிக்கை, 1920இல் அமைந்த பனிச்சறுக்குத் தளம் ஒன்றுதான். இரவுக் குளிரில் நீரை உறையவைத்து, காலையில் அதன்மேல் சறுக்குவார்கள்.

ஆகவே, சிம்லாவில் ஜனவரியில் பனி விழுவதில்லையா என்று கேட்டால், விழும். ஆனால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்வூரில் ஓராண்டு முழங்கால் அளவு பனி கிடக்கும். மற்றோராண்டு மழைத்தூறலோடு குளிர்காலம் கழிந்துவிடும். கோடைக்கென்று பிறந்த ஊரிடம் பனியை எதிர்பார்த்துப் போவது, உழவுமாட்டைப் பந்தயத்தில் ஓட்டுவதை ஒக்கும்.

1864 என்னும் அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஊரில் வேறொன்று நடந்ததாகச் சொல்வர். யோகானஸ் பாட்ருட் என்ற விடுதிக்காரர், கோடை முடிந்து புறப்பட்ட ஆங்கில விருந்தினரை, ‘குளிர்காலத்தில் வந்து தங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவை நானே தருகிறேன்’ என்று அழைத்தாராம். வந்தவர்கள் வசந்தம் வரை தங்கினராம். கதையில் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் பனியைத் தேடிச் செல்லும் விடுமுறை என்பது ஐரோப்பாவில் அக்காலத்தில்தான் வேரூன்றியது என்பதில் ஐயமில்லை. 1924இல் பிரான்சின் ஷமொனி நகரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடக்குமளவுக்கு அது வளர்ந்தது.

அந்தப் பழக்கம் இந்தியாவிற்குள் நுழைந்த வாயில் குல்மார்க். காஷ்மீரத்தில் 2,650 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்கள் சூழ்ந்த கிண்ணம் போன்ற புல்வெளி அது. மலர்வெளி என்பது பெயரின் பொருள். பிரிட்டிஷ் படை அதிகாரிகள் 1927இல் அங்கே இந்தியப் பனிச்சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினர். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் அதிகாரிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் கூடிச் சறுக்கினர். 1947உடன் அவ்வாழ்வு முடிந்தது. அடுத்த ஆண்டே, 1948 டிசம்பரில், இந்தியப் படையின் 19ஆவது காலாட்படை டிவிஷனுக்காகத் திம்மையா அங்கே ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். உயர்மலைப் போர்முறைப் பள்ளியாகப் பின்னர் வளர்ந்தது அதுவே. 1968இல் பொதுமக்களுக்கும் சறுக்குக் கலை கற்பிக்கும் நிறுவனம் அங்கே அமைந்தது. உத்தராகண்டத்து ஔலியும் இவ்வாறே: இந்தோ-திபெத்திய எல்லைக் காவற்படை 1973இல் அங்கே தன் மலையேற்ற, சறுக்குப் பயிற்சி நிலையத்தை அமைத்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதல் இந்தியாவின் பெயரால் சறுக்கியவர் போலந்தில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி. ஆண்டு 1964, இடம் இன்ஸ்பிரக்.

ஆக, நம் நாட்டின் பனிச்சறுக்கு இடங்கள் விடுதிக்காரரின் பிள்ளைகளல்ல, படைவீரரின் பிள்ளைகள். எல்லையைக் காப்பவன் பழகவேண்டிய சரிவும், ஐந்து வயதுக் குழந்தை விழுந்து எழவேண்டிய சரிவும் ஒன்றல்ல. குல்மார்க்கின் சிறப்பு, இரண்டும் அங்கே அமைந்திருப்பது. ஊர் நடுவே உள்ள புல்வெளி மென்மையாகச் சாய்ந்தது. முதன்முதல் சறுக்குக் கட்டையைக் காலில் கட்டுபவருக்கு அதுவே போதும். மேலே அபர்வத் மலையை நோக்கி ரோப் கார் செல்கிறது. அதன் முதற்கட்டம் 1998இலும், இரண்டாம் கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. முதற்கட்டம் ஏறத்தாழ 3,080 மீட்டரில் நிற்கும். இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் இறக்கும். பழனியில் ரோப் காரில் ஏறிய துணிவோடு இதிலும் ஏறிவிடலாகாது. இரண்டாம் கட்டத்தின் உச்சியில் உள்ள சரிவுகள் தேர்ந்தவர்களுக்கு உரியவை. பனிச்சரிவால் உயிரிழந்தோர் உண்டு. 2017 ஜூனில் பலத்த காற்றில் மரம் முறிந்து விழுந்து, ரோப் கார் பெட்டி அறுந்து, ஏழு பேர் மாண்டனர். காற்று மிகுந்த நாளில் ஊழியர் வண்டியை நிறுத்தினால் அவரோடு வாதாட வேண்டாம். முதல் பனிப் பயணத்தில் குடும்பத்திற்கு முதற்கட்டமே மிகுதி.

உயரத்தைப்பற்றிய எச்சரிக்கை இன்னும் ஒன்று உண்டு. 2,500 மீட்டரைத் தாண்டும்போது சிலருக்குத் தலைவலி, வாந்தி, உறக்கமின்மை தோன்றும். உடல் பழகுவதற்கு ஒரு நாளாவது வேண்டும். கல்கத்தாத் தமிழர் பலர் சிக்கிமுக்குச் செல்கின்றனர். காங்டாக் நகரம் ஏறத்தாழ 1,650 மீட்டர். அங்கிருந்து காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் 4,310 மீட்டர் உயரத்து நாதுலா கணவாயை அடைந்துவிடுகிறார்கள். பனி நிச்சயம் கிடைக்கும். ஆனால் கைக்குழந்தையையும் இதயநோயுள்ள முதியவரையும் ஒரே நாளில் அவ்வளவு உயரத்திற்குத் தூக்கிச் செல்வதை நான் ஒப்பமாட்டேன். தலைவலி மிகுந்தாலோ, நடை தள்ளாடினாலோ, மருந்தைத் தேடுமுன் கீழே இறங்குவதே வைத்தியம்.

அடுத்தது காலம். இதுவே தமிழ்க் குடும்பங்களை மிகவும் சங்கடப்படுத்துவது. வடமேற்கு இமயத்தில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது நம் பருவமழை அன்று. மத்தியதரைக் கடற் பக்கத்திலிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாக வரும் காற்றுச் சுழல்கள். அவை முறைவைத்து வருவதில்லை. பொதுவாக ஜனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும் பனி நிறைந்த காலம். நமக்கோ கிறிஸ்துமஸ் விடுமுறை டிசம்பர் இறுதியில் பத்து நாள். பெரிய விடுமுறை ஏப்ரல், மே. பிப்ரவரியில் தேர்வு நெருங்கிவிடும். டிசம்பரில் போனவர் சில ஆண்டுகளில் வெறும் புல்லைக் கண்டு திரும்புகிறார். 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தது. மாத இறுதியில்தான் பனி விழுந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. புவி வெப்பமடைவதன் விளைவுகளுள் இதுவும் ஒன்று என்று அறிஞர் கருதுகின்றனர். என் கருத்து இது: ஐந்தாம் வகுப்புக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளாயின், ஜனவரிக் கடைசி வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துச் செல்வது, டிசம்பர்க் கூட்டத்தில் இருமடங்கு பணம் கொடுத்து ஏமாறுவதைவிட நல்லது. தலைமையாசிரியர்கள் என்னை மன்னிக்க.

ஏப்ரல், மே தவிர வேறு வழியில்லாதவர்களுக்கும் பனி உண்டு. அதை மேலே சென்று தேட வேண்டும். மணாலியிலிருந்து 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயில் கோடையின் தொடக்கத்திலும் பனிச்சுவர் நிற்கும். 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கச் சாலை திறக்கப்பட்டபின், கணவாய் மூடிக் கிடக்கும் குளிர்காலத்திலும் அப்பாலுள்ள லாஹுல் பள்ளத்தாக்கின் சிற்றூர்களைக் காண முடிகிறது. கோடைப் பனிக்கு இன்னொரு வழி நமக்குப் பழையது. நம் பாட்டிமாருள் பனியைக் கண்டவர்கள் உல்லாசப் பயணத்தில் கண்டவர்களல்லர். பத்ரிநாத்திலும் கேதாரநாத்திலும் கண்டவர்கள். அக்கோயில்கள் ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ நடை திறக்கும்போது வழியோரத்தில் பனி கரையாமல் கிடக்கும். கயிலையை நாடி நடந்த அப்பர் பெருமானின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பனி என்றால் புண்ணியம். விளையாட்டு என்ற நினைவு அதற்கு எழவில்லை. முதியவரையும் சிறுவரையும் ஒரே பயணத்தில் மகிழ்விக்க விரும்பும் குடும்பம் பத்ரிநாத்தை எண்ணிப் பார்க்கலாம். கோயில் வாசல் வரை வண்டி போகும் அளவுக்குச் சாலை வந்துவிட்டது. கேதாரநாத்திற்கோ நெடுந்தூரம் மலையேற வேண்டும். ஆனால் அவ்விடங்களில் சறுக்குக்கு வழியில்லை. வாரக் கணக்கில் விடுதி கிடைக்காத கூட்டமும் உண்டு.

டில்லித் தமிழருக்கு வசதி அதிகம். சிம்லா வரை சென்று, அங்கே பனி இல்லையெனில் குஃப்ரிக்கோ, ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்து நார்கண்டாவுக்கோ ஏறிவிடலாம். அங்கும் இல்லையெனில் அடுத்த வாரம் மீண்டும் முயலலாம். வாழ்நாளில் ஒருமுறை என்று திருவனந்தபுரத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கிளம்புகிறவருக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. அத்தகையோருக்கு நான் குல்மார்க்கையே சொல்வேன். ஔலியின் சரிவுகள் அழகியவை. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடந்தன. ஆனால் ஹரித்துவாரத்திலிருந்து ஒரு முழுநாள் மலைச்சாலை. 2023 ஜனவரியில் அடிவார நகரமாகிய ஜோஷிமடத்தின் நிலமே பிளந்து வீடுகள் விரிசல் கண்டன. ஔலிக்குச் செல்லும் ரோப் காரும் அப்போது நிறுத்தப்பட்டது. சிறு குழந்தையோடு முதன்முறை செல்பவருக்கு அந்த நீண்ட வழி ஏற்றதன்று. குல்மார்க்கோ ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேர வழி. காஷ்மீரத்தின் அமைதிநிலை மாறக்கூடியது என்பதையும் மறைக்கக்கூடாது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றனர். அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. எனவே பணம் கட்டுமுன் அரசாங்க அறிவிப்புகளைக் கேட்டறிய வேண்டும். திருப்பிப் பெறக்கூடிய முறையில் சீட்டு எடுப்பது விவேகம்.

அங்கே போய்ச் சேர்ந்தவுடன் கம்பளிக் கோட்டும் உயரமான ரப்பர்ப் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். ஊரிலிருந்து வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. சுமக்க வேண்டியவை கம்பளி உள்ளாடை, இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, நனையாத கையுறை. பருத்தித் துணி நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். நம் பெண்கள் சேலையின்மேல் கோட்டை அணிந்து பனியில் நடந்து, நனைந்த கொசுவத்தோடு நடுங்குவதை எந்தப் பனியூரிலும் காணலாம். பனியிலிருந்து எழும் வெயில் கண்ணைச் சுடும். கறுப்புக் கண்ணாடி அலங்காரமன்று. முதல் நாள் சறுக்குக் கட்டையைத் தொடாமல் குழந்தைகள் பனியில் உருளட்டும். இரண்டாம் நாள் பயிற்றுநரோடு அரை நாள் போதும்; அதற்குமேல் கால்கள் தாங்கா.

ஊருக்குள் நுழைந்தவுடன் மரச் சறுக்குவண்டியோடு பலர் சூழ்ந்துகொள்வர். நம்மை உட்காரவைத்து அவர்கள் கயிற்றால் மேட்டுக்கு இழுத்துச் சென்று, பின் சரிவில் விடுவார்கள். பேரம் பேசத் தெரியாதவர் முதல் கால்மணி நேரத்திலேயே ஏமாற்றப்பட்டதாகக் கருதி, விடுமுறை முழுவதும் முகம் சுளித்திருப்பர். கூலியை ஏறுமுன் முடிவு செய்துகொள்வதே வழி. இந்த மலைகளின் பழைய வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. மோட்டார்ச் சாலை வருமுன் கோடைக்கானலுக்குத் துரைமார் நாற்காலியில் அமர, சமவெளி மனிதர்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினர். சிம்லாவின் தெருக்களில் ரிக்‌ஷாவை மனிதரே இழுத்தனர். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மேட்டுக்கு நடந்து ஏறச் சொல்லிவிட்டு, இறங்குவதற்கு மட்டும் வண்டியில் அமர்த்தலாம். இழுப்பவருக்குக் கூலி குறைக்க வேண்டாம். அவருக்குக் குளிர்காலம் மூன்றே மாதம்.

இவற்றிற்கெல்லாம் ஒத்திகையாகப் பொன்முடி பயன்படும் என்பதை அங்கே செல்வோர் பலர் எண்ணுவதில்லை. 22 வளைவுகளில் எந்தக் குழந்தை வாந்தியெடுக்கிறது, எந்தப் பெரியவருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, யார் ஈரக் காற்றில் இருமுகிறார் என்பதை ஒரே நாளில், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் அறிந்துகொள்ளலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகாலையில் ஏறினால் நல்லது. பெருமழைக் காலத்தில் மண் சரிந்து சாலை மூடப்படுவது உண்டு. காஷ்மீரத்தில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரை உள்ள 13 கிலோமீட்டர்ச் சாலையும் இவ்வாறே வளைந்து வளைந்து ஏறும்; ஒரே வேறுபாடு, பனி உறைந்த நாட்களில் தங்மார்க்கில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தில் இரும்புச் சங்கிலி பூட்டிய வேறு வண்டிக்கு மாறவேண்டியிருக்கும். அதற்கான கூலியையும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, ஊர் திரும்பும் நாளில் விமானத்திற்குக் குறைந்தது ஆறு மணி நேரம் முன்னதாகவே குல்மார்க்கிலிருந்து இறங்கிவிட வேண்டும்.